ஒரு ஸ்க்ரூவும் எரர் 53-ம்

போன் கை நழுவிக் கீழே விழுது. திருப்பிப் பார்க்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்ச சாமியையெல்லாம் கும்பிடுறோம். அப்படியும் ஸ்க்ரீன் உடைஞ்சிருந்தா, சிலருக்கு ஒரு ஆசை வரும்: "காம்போ வாங்கி நாமளே மாத்திடலாமே!" அந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

2003-ல் கலிபோர்னியாவில் கைல் வீன்ஸ் என்ற கல்லூரி மாணவர் தன்னுடைய ஐபுக் லேப்டாப்பைச் சரிசெய்யப் பார்த்தார். சர்வீஸ் மேனுவல் எங்கேயும் கிடைக்கல. அந்தக் கடுப்பில், ஒரு நண்பரோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஐஃபிக்ஸிட். ஒவ்வொரு கருவியையும் பிரித்து, படம் எடுத்து, எப்படிச் சரிசெய்வது என்று இலவசமாகவே சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்து 2010. ஐபோன் 4 வந்தபோது அதன் அடியில் இருந்தவை சாதாரண ஸ்டார் ஸ்க்ரூக்கள். சில மாதங்களில் ஐந்து இதழ் பூ மாதிரி ஒரு புது ஸ்க்ரூ வந்தது, பெயர் பென்டலோப். வீட்டில் இருக்கிற எந்த ஸ்க்ரூடிரைவரும் அதற்குப் பொருந்தாது. 2011-ல் ஐஃபிக்ஸிட் என்ன செஞ்சாங்க தெரியுமா? அதைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவரையும், பதிலாகப் போட சாதாரண ஸ்க்ரூவையும் சேர்த்து, 'விடுதலை கிட்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து விற்றார்கள்.

சரி, போனைத் திறந்தாச்சு. உள்ளேயும் கண்ணி இருக்கு. சில மாடல்களில் ஸ்க்ரூக்களுக்குள் நீள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கினால், அது போர்டையே காலி பண்ணிடும். அதனால, ஒரு தாளில் போன் படம் வரைஞ்சு, கழற்றுகிற ஸ்க்ரூவை அதே இடத்தில் வைங்க. இங்கே தப்பு நடந்தா, அது நம்ம கைத்தவறு. ஆனா அடுத்து வர்றது அப்படி இல்ல.

ஐபோன் 6-ல் ஸ்க்ரீனோடு ஹோம் பட்டனும் சேர்ந்து வரும். அதிலுள்ள கைரேகை சென்சார் அந்த போனின் போர்டோடு மட்டும் ஜோடி சேர்க்கப்பட்டது. வெளிக்கடையில் அதை மாற்றினாலும் போன் நல்லாத்தான் ஓடும். சில மாதம் கழித்து ஒரு அப்டேட் போட்டதும் 'எரர் 53' என்று காட்டி அப்படியே செத்துப்போகும். 2016-ல் இது பெரிய சர்ச்சையானது. பாதுகாப்புக்காகத்தான் என்றது ஆப்பிள். அந்தக் காரணத்தில் நியாயமும் உண்டு; போலி சென்சார் வழியாக யாரும் உள்ளே நுழையக் கூடாதில்லையா? ஆனால் எதிர்ப்பு வலுத்ததும் மன்னிப்புக் கேட்டு, புது அப்டேட் விட்டார்கள். கைரேகை மட்டும் வேலை செய்யல. போன் உயிரோடு வந்துவிட்டது. அப்படின்னா, முதல்லயே முழு போனும் சாக வேண்டிய அவசியமே இருக்கல.

2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்ததாலேயே வாடிக்கையாளரின் உரிமை போய்விடாது என்பதுதான் அந்த வழக்கின் சாரம்.

2021-ல் ஐபோன் 13. ஸ்க்ரீனை மாத்தினா ஃபேஸ் ஐடி போச்சு. மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் அப்டேட். 2022-ல் அமெரிக்காவில் ஆப்பிளே பாகங்களை விற்று, கருவிகளை வாடகைக்கும் தர ஆரம்பித்தது. அந்தக் கருவிப் பெட்டிகளின் எடை சுமார் 36 கிலோ!

பூட்டு முதலில் ஸ்க்ரூவில் இருந்தது, பிறகு சாஃப்ட்வேருக்குள் போனது. அதனால காம்போ வாங்குறதுக்கு முன்னாடி, "இந்த மாடலில் எந்தப் பாகம் போர்டோடு ஜோடி?" என்று தேடிப் பாருங்க. பழைய ஸ்க்ரீனையும் உடனே தூக்கிப் போட்டுடாதீங்க. புதுசுக்கு மாற்ற வேண்டிய பட்டனோ சென்சாரோ அதிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கலாம்.