குதிக்காத பாராசூட் படை

'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' பார்த்தவங்களுக்கு அமெரிக்காவின் 101-வது ஏர்போர்ன் டிவிஷனைத் தெரிஞ்சிருக்கும். 1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டி நார்மண்டியில பாராசூட்ல குதிச்சவங்க. இருட்டுல ஆளுக்கொரு மூலையா சிதறி விழுந்தாங்க.

வியட்நாம் போர் நடந்தப்ப, 1968-ல அதை ஹெலிகாப்டர் படையா மாத்திட்டாங்க. 1974-ல 'ஏர் அசால்ட்'னு அடைமொழியும் வந்துச்சு. இப்ப பயிற்சின்னா ஹெலிகாப்டர்லேர்ந்து கயிறு பிடிச்சு இறங்குறது, மூட்டையோட 12 மைல் நடக்குறது. ஆனா தோள்ல, கழுகுச் சின்னத்துக்கு மேல, இன்னும் 'ஏர்போர்ன்'தான்!

பொய்ப் பேரா? 82-வது டிவிஷன்காரங்க இன்னும் நிஜமாவே குதிக்கிறாங்க. அவங்க கேட்டா நியாயம்தான். ஆனாலும் எனக்கு அப்படித் தோணலை. வானத்துலேர்ந்து எதிரியோட முதுகுப்பக்கம் இறங்கணும்ங்கிற வேலை மாறவே இல்லை. சிதறாம, மொத்தமா இறங்குறாங்க, அவ்வளவுதான். நீங்க என்ன சொல்றீங்க?