இரண்டாம் இடத்திலிருந்து வந்த சாம்பியன்

அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற ஏ.எஃப்.எல்.லுக்கு 1969 பத்தாவது பருவம். கடைசிப் பருவமும் அதுதான். ஆட்டக்காரர்களைப் பிடிக்கும் போட்டியில் சம்பளத்தை ஏற்றி ஏற்றி இரு தரப்பு முதலாளிகளுக்கும் கையைக் கடித்ததால், பழைய லீகான என்.எஃப்.எல்.லுடன் ஒன்றாகிவிடுவது என்று 1966 ஜூனிலேயே முடிவாகியிருந்தது. முழு இணைப்பு 1970இல்.

1969 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸ், என்.எஃப்.எல்.லின் பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வீழ்த்தி, இரு லீகுகளின் சாம்பியன்களும் மோதிய சூப்பர் பௌலில் ஏ.எஃப்.எல்.லின் முதல் வெற்றியைப் பெற்றிருந்தது. ஒரு வெற்றியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். ஆகவே கடைசிப் பருவத்தில் லீகின் மானமே பணயமாக இருந்தது.

பத்து அணிகள், கிழக்கு மேற்கென இரு பிரிவுகள், அணிக்கு 14 ஆட்டங்கள். அதுவரை பிரிவில் முதலிடம் பெற்றவர்கள் மட்டுமே இறுதிக்குப் போவார்கள். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் விதி மாறியது: இரண்டாம் இடத்து அணியும் எதிர்ப்பிரிவின் முதல் அணியோடு மோதலாம். ஆறு வெற்றி, ஆறு தோல்வி, இரண்டு சமன் என்றிருந்த ஹூஸ்டன் ஆய்லர்ஸ்கூட இப்படித்தான் உள்ளே நுழைந்தது. விதியின் தரத்துக்கு அதுவே சாட்சி. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவர்களை 56-7 என்று நசுக்கியது.

ஆனால் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் வேறு ரகம். 11 ஆட்டங்களில் வென்றும், ஓக்லண்டிடம் இருமுறை தோற்று இரண்டாம் இடத்தில் நின்ற அணி அது. டிசம்பர் 20 அன்று, ஜெட்ஸின் சொந்த மைதானமான ஷே ஸ்டேடியத்தில், கடைசிக் கால் பகுதியில் சீஃப்ஸ் 6-3 என முன்னிலை. ஜெட்ஸின் பந்தோ கோல் கோட்டிலிருந்து ஒரே கெஜத்தில். சீஃப்ஸின் வில்லி லேனியரும் கூட்டாளிகளும் மூன்று முயற்சிகளையும் முறியடித்தனர். ஜெட்ஸுக்குக் கிடைத்தது ஃபீல்டு கோலின் மூன்று புள்ளிகள் மட்டுமே. உடனே சீஃப்ஸின் லென் டாசன் வீசிய பந்தில் ஓட்டிஸ் டெய்லர் 61 கெஜம் கடந்தார். அடுத்த வீச்சு டச்டவுன். 13-6.

ஜனவரி 4இல் ஓக்லண்ட் மண்ணிலேயே ரெய்டர்ஸையும் சீஃப்ஸ் 17-7 என்று வென்றது. ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக் லமோனிகா கையில் அடிபட்டுத் தடுமாறியதும் அதற்கு உதவியது. ஒரு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல். என்.எஃப்.எல்.லின் மினசோட்டா வைக்கிங்ஸே வெல்லும் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. லீகின் பத்தாண்டுச் சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு இறங்கிய சீஃப்ஸ், நார்வேக்காரர் யான் ஸ்டெனரூட்டின் மூன்று ஃபீல்டு கோல்களுடன் இடைவேளைக்குள் 16-0 என்று ஏறிவிட்டது, முடிவு 23-7. பிரிவில் முதலிடம் பெறாமல் சூப்பர் பௌலை வென்ற முதல் அணி அதுதான். சூப்பர் பௌல் கணக்கும் லீகுக்கு இரண்டு என்று சமனானது.

இணைப்பின்போது கோல்ட்ஸ், பிரவுன்ஸ், ஸ்டீலர்ஸ் ஆகிய மூன்று என்.எஃப்.எல். அணிகள், தலைக்கு 30 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு, ஏ.எஃப்.எல். அணிகளோடு புதிய ஏ.எஃப்.சி. பிரிவில் சேர்ந்தன. டச்டவுனுக்குப் பின் ஓடியோ வீசியோ இரண்டு புள்ளி எடுக்கும் ஏ.எஃப்.எல். விதியை மட்டும் என்.எஃப்.எல். ஏற்கவில்லை, அது திரும்பி வந்தது 1994இல்.