இரும்பு வேழம் – 4: ஃப்ளேர் தெருவில் ஒரு டாங்கி

1916 செப்டம்பர் 15. பிரான்சின் சோம் போர்க்களம். இன்னும் சரியாக விடியவில்லை. டெல்வில் காட்டோரம் பதுங்கியிருந்த ஜெர்மன் வீரர்களை நோக்கி 28 டன் இரும்பு உறுமிக்கொண்டே ஊர்ந்து வந்தது. கேப்டன் மார்ட்டிமோரின் 'டி-1'. போரில் இறங்கிய உலகின் முதல் டாங்கி அதுதான். மிரண்டுபோன சிலர் கைகளைத் தூக்கிச் சரணடைந்தார்கள். சற்று நேரத்தில் ஒரு பீரங்கிக் குண்டு தாக்கியது. டி-1 நின்றுவிட்டது.

'டாங்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களத்துக்கு அனுப்பாதீர்கள். நிறையச் சேர்த்து ஒரே அடியாக இறக்குங்கள்' என்று கர்னல் ஸ்விண்டன் எச்சரித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். தளபதி ஹெய்க்கால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. ஜூலை 1 அன்று, ஒரே நாளில், 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இதே சோமில் மடிந்திருந்தார்கள். கையிலிருந்த 49 டாங்கிகளையும் அனுப்பச் சொன்னார். பல வழியிலேயே பழுதாகின, சேற்றில் புதைந்தன. தாக்குதல் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவை சுமார் 30.

உள்ளே எட்டுப் பேர். அவர்கள் நடுவிலேயே, எந்தத் தடுப்பும் இல்லாமல், 105 குதிரைசக்தி டெய்ம்லர் எஞ்சின். அனல், பெட்ரோல் புகை, காதைப் பிளக்கும் இரைச்சல். கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. கை ஜாடைதான் பேச்சு. வண்டியைச் செலுத்தவும் திருப்பவும் மட்டுமே நான்கு பேர் வேண்டும்.

வராமல் போன டாங்கிகள்தான் அன்று பெரிய விலை கேட்டன. டாங்கிகள் செல்வதற்காகப் பிரிட்டிஷ் பீரங்கிகள் சில பாதைகளைச் சுடாமல் விட்டிருந்தன. டாங்கி வராத பாதைகளில் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் சேதமின்றிக் காத்திருந்தன. அவற்றுக்கு நேராக வீரர்கள் நடந்தார்கள். கார்ட்ஸ் படைப்பிரிவு முன்னேறிய பகுதியில் இந்தக் கொடுமை அதிகம். பிரதமர் ஆஸ்க்வித்தின் மகன் ரேமண்ட் அன்று உயிர்விட்டது அந்தப் படைப்பிரிவில்தான்.

ஃப்ளேர் கிராமத்தில் கதை வேறு. லெப்டினன்ட் ஹேஸ்டியின் 'டி-17' திசை திருப்பும் பின்சக்கரங்கள் சேதமடைந்த நிலையிலும், பிரேக்குகளை வைத்தே திருப்பித் திருப்பி, காலை எட்டரை மணி வாக்கில் கிராமத்தின் பிரதான தெருவுக்குள் நுழைந்தது. வீடுகளில் ஒளிந்திருந்த எதிரிகளைச் சுட்டபடி அது முன்னே போக, காலாட்படை பின்தொடர்ந்தது. ஃப்ளேர் வீழ்ந்தது. வானிலிருந்து பார்த்த விமானி அனுப்பிய செய்தி, லண்டன் பத்திரிகைகளில் கொண்டாட்டமானது.

ஸ்விண்டன் சொன்னது சரி என்பதற்கும் டாங்கி வெல்லும் என்பதற்கும் அந்த ஒரே காலை சாட்சி. ஹெய்க் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். சில நாட்களிலேயே லண்டனுக்குக் கோரிக்கை பறந்தது: இன்னும் 1,000 டாங்கிகள் வேண்டும்!

உற்பத்திப் பொறுப்பு ஆல்பர்ட் ஸ்டெர்னிடம். வங்கித் தொழிலிலிருந்து வந்தவர். ராணுவ அதிகாரிகளுக்கு அஞ்சாதவர். ஆலைகளை அவர் முடுக்கிவிட்ட வேளையில், அக்டோபரில், ராணுவக் கவுன்சிலிலிருந்து உத்தரவு வந்தது: '1,000 டாங்கிகளுக்கான ஆர்டர் ரத்து.'

ஸ்டெர்ன் நேராகப் போர் அமைச்சர் லாயிட் ஜார்ஜின் அறைக்குப் போனார். அங்கே தெரிந்தது இன்னொரு அதிர்ச்சி: அந்த ரத்து உத்தரவு அமைச்சருக்கே தெரியாது!

அப்படியானால் ரத்து செய்தது யார்? டாங்கி பிழைத்ததா? அடுத்த வாரம்...

(தொடரும்)