கட்டை விரலின் கதை: உப்பு மூட்டையில் இருந்து ரேஷன் கடை மெஷின் வரை

மாதத்தின் முதல் வாரம் சேலம், நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு ரேஷன் கடைக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு வயதான அம்மா மெஷினில் விரலை வைப்பார். மெஷின் ஏற்றுக்கொள்ளாது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைப்பார். "இன்னொரு விரல வைங்க ஆயா" என்பார் கடைக்காரர். பத்து விரலும் முடிந்த பிறகு, "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்ற பதில் வரும். மரவள்ளிக் கிழங்கு உரித்தும், தறியில் நின்றும், களை வெட்டியும் தேய்ந்து போன விரல்கள் அவை. அந்த ஊரில் எல்லோருக்கும் அந்த ஆயாவைத் தெரியும். மெஷினுக்கு மட்டும் தெரியாது!

இது கம்ப்யூட்டர் காலத்துப் பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் "நீ யார் என்பதை உன் விரல் சொல்லட்டும்" என்ற யோசனைக்கு வயது 150க்கும் மேல். அது பிறந்தது இந்தியாவில். அந்த யோசனையால் முதலில் அடிபட்ட மக்களில் இதே சேலம், நாமக்கல் சமவெளியைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உப்பு விற்றவர்கள்.

உப்பு வந்த வழி

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடல் கிடையாது. உப்பு வேண்டுமென்றால் கடற்கரையில் இருந்துதான் வர வேண்டும். ரயிலும் தார் ரோடும் இல்லாத காலத்தில் கழுதை மேலும் பொதிமாட்டின் மேலும் மூட்டை ஏற்றி உப்பைக் கொண்டு வந்தவர்கள் உப்புக் குறவர்கள். உப்பைக் கொடுத்து தானியம் வாங்குவார்கள். திரும்பும் வழியில் அந்த தானியத்தை விற்பார்கள். போகிற வழியில் மாடு மேயும். காட்டு மூங்கிலில் கூடை முடைந்து விற்பதும் உண்டு. கணக்குப் புத்தகம் இல்லையே தவிர, இது ஒரு முழுமையான வணிகம். கொள்முதல், போக்குவரத்து, விற்பனை எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில்.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலம், பாராமகால் பகுதிகளை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. உடனே கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் பின்னாளில் சென்னை கவர்னர் ஆன தாமஸ் மன்றோ. இவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்து, யார் பெயரில் எவ்வளவு, என்ன வரி என்று எழுதினார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. நிலம் உள்ளவன் பெயர் கணக்கில் ஏறியது. ஊர் ஊராகப் போகிறவனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அடுத்த அடி 1805ல். சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம் ஆனது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு மொனாப்பலி என்றால் பாடப் புத்தகத்தில் ஒரு வரைபடம். உப்பளக்காரனுக்கு அதன் அர்த்தம் வேறு. காய்ச்சிய உப்பை ஒரே ஒருவரிடம்தான் கொடுக்க முடியும். உப்பு வாங்கப் போகிற சிறு வியாபாரியும் அதே ஒருவர் சொன்ன விலையைத்தான் கொடுக்க வேண்டும். அந்த ஒருவரோ ஒரு கம்பெனி. அதற்கு ராணுவமும் உண்டு, நீதிமன்றமும் உண்டு. இன்றைய பெரிய கம்பெனிகளிடம் கூட இல்லாத வசதி இது!

பிறகு 1860களில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. நூறு கழுதை சுமக்கிற உப்பை ஒரு வேகன் சுமந்தது. 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மாடு மேய்த்த காடும் மூங்கில் வெட்டிய மலையும் அரசாங்கச் சொத்தாயின. இப்படி எழுபது, எண்பது வருடத்துக்குள் ஒரு தொழிலின் எல்லாக் கால்களும் ஒவ்வொன்றாக முறிக்கப்பட்டன. தொழிலை இழந்து அலைந்தவர்களைப் பார்த்து அரசாங்கம் கேட்ட கேள்வி, "இவர்கள் ஏன் வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறார்கள்?" என்பதுதான். 1892ல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்தின் "குற்ற வகுப்புகள்" பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

விரல் ரேகை பிறந்த கதை

இப்போது வங்காளத்துக்குப் போக வேண்டும். அங்கே 1858ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ரோடு போடுவதற்குப் பொருள் சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் செய்தார். கையெழுத்தோடு நிறுத்தாமல், உள்ளங்கையில் மை தடவி காகிதத்தில் முழுக் கையையும் பதிய வைத்தார். பின்னால் அந்த ஆள் "இது என் கையெழுத்தே இல்லை" என்று மறுக்கக் கூடாது என்ற பயத்தை உண்டாக்குவதே நோக்கம் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1877ல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும், இறந்தவர் பெயரில் பென்ஷன் வாங்குவதைத் தடுப்பதற்கும் விரல் ரேகையைப் பயன்படுத்தினார்.

ஆக, விரல் ரேகையின் முதல் வேலை போலீஸ் வேலை அல்ல. ஒப்பந்தமும் பென்ஷனும்தான். இன்றைய சிம் கார்டும் ரேஷனும் மாதிரியே!

ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. எட்வர்ட் ஹென்றி தலைமையில் 1897ல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கியது. லட்சக்கணக்கான ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் கணக்கை உருவாக்கியதில் அஸீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெயர் மட்டும் "ஹென்றி முறை" என்று ஆயிற்று. 1901ல் அது லண்டன் ஸ்காட்லாண்ட் யார்டுக்கே போனது.

ரேகைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871ல் வட இந்தியாவில் வந்தது. 1911ல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்தையும் உள்ளே இழுத்தது. ஒரு சமூகத்தின் பெயரை அரசாங்கம் அறிவிப்பில் சேர்த்துவிட்டால் போதும். அதில் பிறந்தவர் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும் பதிவு செய்யப்படலாம். விரல் ரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜர் ஆக வேண்டும். ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து தொழிற்பள்ளியில் வைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. "இந்த அறிவிப்பு தவறு" என்று நீதிமன்றம் போக முடியாது. மக்கள் இதற்கு வைத்த பெயர் "ரேகைச் சட்டம்". எது அதிகம் வலித்தது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் இந்தப் பட்டியலில் ஏறின. கம்பெனிகளுக்கும் இதில் லாபம் இருந்தது. இன்றைய ஆந்திராவில், பாபட்லா பக்கம் ஸ்டூவர்ட்புரம் என்ற செட்டில்மென்ட்டை சால்வேஷன் ஆர்மி நடத்தியது. தெலுங்கில் எருகுல என்று அழைக்கப்படும் குறவர்கள் அங்கே வைக்கப்பட்டார்கள். அருகில் சீராலாவில் இருந்த புகையிலைக் கம்பெனி ஆலைக்கு அந்த மக்கள் வேலைக்குப் போனார்கள். மற்ற தொழிலாளி பிடிக்கவில்லை என்றால் வேலையை விடலாம். இவர்கள் அனுமதி இல்லாமல் செட்டில்மென்ட்டை விட்டு வெளியே போனாலே குற்றம். ஒரு முதலாளிக்கு இதைவிட வசதியான தொழிலாளி கிடைப்பாரா?

எதிர்ப்பும் இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மதுரைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஊர். சேலம் பக்கத்து உப்புக் குறவர்களுக்கு அப்படி நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. சிறு சிறு கூட்டமாகச் சிதறி வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசு இந்தியர்களிடம் பத்து விரல் ரேகை கேட்டது. 1906ல் அதை எதிர்த்துத்தான் காந்தியின் சத்தியாகிரகம் பிறந்தது. சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். 1908 ஜனவரியில், சட்டத்தின் கட்டாயத்தால் அல்லாமல் விருப்பப்பட்டுப் பதிவு செய்யலாம் என்று காந்தியே ஒரு சமரசத்துக்கு வந்தார். ரேகை அதேதான், மையும் அதேதான். சம்மதம் கேட்கப்பட்டதா இல்லையா என்பதுதான் அவருக்கு வித்தியாசமாக இருந்தது. அரசு வாக்கு மாறியது என்று தெரிந்ததும் அந்த ஆண்டு ஆகஸ்டில் சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள்.

பட்டியல் போனது, பழக்கம் போகவில்லை

1930ல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது வேதாரண்யத்துக்கு நடந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி. நடைப்பாட்டு எழுதியவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. இது எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மண்ணில் உப்பு விற்றவர்கள் அப்போதும் ரேகைச் சட்டத்தின் கீழ் இருந்தார்கள் என்பது எந்தப் பாடத்திலும் வருவதில்லை.

சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது 1947ல். அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் போலீஸ் துறை ப. சுப்பராயனிடம் இருந்தது. இவர் இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தபோதும் இதே சட்டம் அமலில்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாடு முழுவதும் 1952ல் நீங்கியது. ஆனால் அதற்கு முன்பே, 1948ல், வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. சமூகத்தின் பெயர் போய் தனி ஆளின் பெயர் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் பழைய சந்தேகம் அப்படியே இருந்தது. சிறைகளில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவது பற்றிய வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சீர்மரபினர் மீது சிறை விதிகளிலும் இந்த முத்திரை தொடர்வதைக் கண்டித்தது.

இன்றைய மெஷின்

ஆதார் எண் வழங்குவது 2010 செப்டம்பரில் தொடங்கியது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விரல் ரேகை முறை வந்தது. இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வெளியூருக்குப் பிழைக்கப் போனவர் அங்கேயே ரேஷன் வாங்கலாம். போலி கார்டும் குறைந்தது. பிரச்சினை வேறு இடத்தில்.

2017ல் ஏர்டெல் நிறுவனம் சிம் கார்டை ஆதாரோடு இணைக்க வந்தவர்களுக்கு, அவர்கள் தெளிவாகச் சம்மதிக்காமலே தன் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கிவிட்டது என்று புகார் எழுந்தது. சமையல் கேஸ் மானியம் பழைய வங்கிக்குப் போகாமல் அந்தப் புதிய கணக்குக்குப் போனது. டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஒரு காகிதத்துக்கு வைத்த ரேகை அடியில் இருந்த இன்னொரு காகிதத்திலும் பதிந்த கதை! 2021ல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்திருப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எப்படி மாற்றுவது?

வாட்ஸ்அப் 2021ல் "புதிய நிபந்தனையை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் விலகு" என்றது. இதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கறிக்கோழி வியாபாரி முதல் லாரி புக்கிங் ஆபீஸ் வரை வாட்ஸ்அப்பில்தான் தொழில் நடக்கிற ஊரில், விலகு என்றால் எங்கே விலகுவது?

ஒப்பிடலாமா?

இரண்டும் ஒன்று என்று சொல்வது அந்தக் காலத்து மக்களுக்குச் செய்யும் அநியாயம். இன்று யாரையும் பிறப்பால் குற்றவாளி என்று ஆதார் சொல்வதில்லை. ராத்திரியில் யாரும் ஸ்டேஷனில் போய்ப் படுப்பதில்லை. நீதிமன்றமும் இருக்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018ல் தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க வழி செய்த பகுதி நீக்கப்பட்டது. 2019 திருத்தமும் 2025 ஜனவரி விதிகளும் விருப்பத்தின் பேரில் என்று சொல்லி அந்தக் கதவை மறுபடி கொஞ்சம் திறந்தன. 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தவறைத் திருத்தவும் விவரத்தை நீக்கவும் கேட்கும் உரிமை அதில் உண்டு. அரசாங்கத்துக்குப் பெரிய விலக்குகளும் உண்டு.

ஆனால் 1911ன் பதிவேட்டைப் பார்த்துக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இன்றைக்கும் பொருந்தும். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியுமா? தவறு என்றால் யாரிடம் போய் மாற்றுவது? உப்புக் குறவருக்கு மூன்றுக்குமே பதில் "இல்லை". சட்டம் படித்தவருக்கும் வக்கீல் வைக்க முடிந்தவருக்கும் இன்று மூன்றுக்கும் ஓரளவு "ஆமாம்". ரேஷன் வரிசையில் நிற்கிற ஆயாவுக்கு? அவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு முறை நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் "சேலம் மேல்நாட்டுக் குறவர்", "சேலம் உப்புக் குறவர்" என்ற இரண்டு பெயர்களும் இன்றும் இருக்கின்றன. சான்றிதழுக்கும் கல்வி உதவிக்கும் இப்போது அந்தப் பெயர்தான் தேவைப்படுகிறது. அவர்களின் உப்பு வியாபாரம் நின்று நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. வியாபாரத்தை எடுத்துக்கொண்ட கம்பெனியும் இல்லை, ரேகை எடுத்த அரசாங்கமும் இல்லை. அவர்கள் எழுதி வைத்த பெயர் மட்டும் அழியவில்லை.