ஜொகூரை ஆண்டவர்களுள் சிறந்தவர் யார்?

ஆண்டவர்களைத் தரம் பிரித்து நல்லவர், தீயவர் என்று வரிசைப்படுத்தும் வழக்கம் உலகெங்கும் உண்டு. திருவள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாக வைத்தார். அமெரிக்கரோ இதனை வாக்கெடுப்பாகவே நடத்தத் தொடங்கினர். 1948-ஆம் ஆண்டில் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் தம் நாட்டு அறிஞர் 55 பேரிடம் கருத்துக் கேட்டுக் குடியரசுத் தலைவர்களின் தரவரிசையை வெளியிட்டார். லிங்கன், வாஷிங்டன், பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஆகியோர் முதல் மூன்று இடங்களைப் பெற்றனர். கிராண்டும் ஹார்டிங்கும் கடைசி இரு இடங்களில் நின்றனர்.

அந்த வரிசை நிலைத்து நின்றதா என்றால், இல்லை. 1962-இல் அதே பேராசிரியர் மீண்டும் கருத்துக் கேட்டபோது இருபதாம் இடத்துக்கும் கீழே தள்ளப்பட்ட ஐசன்ஹோவர், 2021-இல் எடுக்கப்பட்ட கணிப்பொன்றில் ஐந்தாம் இடத்தைப் பெற்றார். அவர் காலத்து ஆவணங்கள் திறக்கப்பட்டதும், சோம்பியிருந்தவர் என்று கருதப்பட்டவர் திரைக்குப் பின்னால் எவ்வளவு உழைத்தார் என்பது புலனாயிற்று. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைக்காக கிராண்ட் எடுத்த நடவடிக்கைகளும் பிற்காலத்திலேயே உரிய மதிப்பைப் பெற்றன. ஆண்டவர் மாறவில்லை, அவரை அளக்கும் கோல் மாறியது.

இதே கேள்வியை ஜொகூருக்குக் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? மலாக்கா 1511-இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்த பின் அதன் அரச மரபு ஜொகூரில் வேரூன்றியது. அது முதல் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் இந்நாட்டை ஆண்டவர் பலர். அவர்களுள் மூவர் பெயர் எப்போதும் விவாதத்துக்கு வரும். கொடியவர் என்று சுல்தான் மஹ்மூதையும், சிறந்தவர் என்று சுல்தான் அபூபக்கரையும் மக்கள் சொல்வர். சுல்தான் இப்ராகிமை எங்கே நிறுத்துவது என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை.

மலாய் மரபு தரும் அளவுகோல்

இம்மூவரையும் அளப்பதற்கு வெளிநாட்டுக் கோல் தேவையில்லை. ஜொகூரின் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, விளங்கிய துன் ஸ்ரீ லானாங் 1612-இல் தொகுக்க முற்பட்ட செஜாரா மெலாயு என்னும் நூலிலேயே ஓர் அளவுகோல் உள்ளது. ஆதி மன்னருக்கும் குடிகளின் தலைவருக்கும் இடையே நடந்த உடன்படிக்கையை அந்நூல் கூறுகிறது. குடிகள் எக்காலத்தும் மன்னருக்குத் துரோகம் செய்யலாகாது. மன்னரும் குடிகளை இழிவுபடுத்தலாகாது என்பது அதன் சாரம். துரோகத்தை ‘டெர்ஹாகா’ என்று மலாய் மொழி வழங்கும். இவ்வுடன்படிக்கை இருபுறமும் கட்டுவது. ஆனால் மன்னர் தம் பங்கை மீறினால் குடிகள் என் செய்வது என்ற கேள்விக்கு அதில் நடைமுறை ஏதும் வகுக்கப்படவில்லை. ஜொகூரின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு குறையைச் சுற்றியே நடந்தது எனலாம்.

பல்லக்கில் மாண்ட மன்னர்

சுல்தான் மஹ்மூது 1685-இல் சிறுவனாக அரியணை ஏறினார். ஆட்சிப் பொறுப்பை பெண்டஹாராவே பெரிதும் சுமந்தார். 1697-இல் அந்த முதிய அமைச்சர் மறைந்த பிறகு மன்னரைத் தடுத்து நிறுத்தக்கூடியவர் எவரும் இல்லை. 1695-இல் ஜொகூருக்கு வந்த அலெக்சாந்தர் ஹாமில்டன் என்னும் ஸ்காத்துலாந்து வணிகர், தாம் பரிசளித்த கைத்துப்பாக்கியின் வன்மையைச் சோதிக்க மன்னர் தெருவில் போன ஏழை ஒருவன் தோளில் சுட்டார் என்று எழுதிவைத்தார்.

மக்கள் நாவில் வாழும் கதை இதனினும் கொடியது. படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா வெளியூர் சென்றிருந்தபோது, கருவுற்றிருந்த அவன் மனைவி டாங் அனும் அரசர் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றாள். அதற்குத் தண்டனையாக அவள் வயிற்றைக் கிழிக்க மன்னர் ஆணையிட்டார். திரும்பி வந்த கணவன், 1699-இல் கோத்தா திங்கியில் பல்லக்கில் சென்ற மன்னரைக் குத்திக் கொன்றான். ‘பல்லக்கில் மாண்ட மன்னர்’ என்னும் பொருளிலேயே மலாய் மக்கள் இன்றும் அவரை அழைக்கின்றனர். கோத்தா திங்கியில் உள்ள அவர் கல்லறையும் அப்பெயராலேயே வழங்கப்படுகிறது.

பலாச்சுளைக் கதையை வரலாறு அப்படியே ஏற்பதற்கில்லை. மன்னருக்குப் பின் அரியணை ஏறியவர், மறைந்த முதிய அமைச்சரின் மகனும் அப்போதைய பெண்டஹாராவுமான அப்துல் ஜலீல். மாண்டவரைக் கொடியவராகக் காட்டுவதால் புதிய ஆட்சிக்கு நன்மை உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் ஹாமில்டன் குறிப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது மஹ்மூதைக் குற்றமற்றவர் என்று விடுவிக்க இயலாது.

இதைவிடக் கருதத்தக்கது கொலைக்குப் பின் நேர்ந்தது. மன்னருக்கு வாரிசு இல்லை. மலாக்காவிலிருந்து தொடர்ந்த மரபு அவரோடு அறுந்தது. புதிய சுல்தானைப் பலர் உளமார ஏற்கவில்லை. 1718-இல், மாண்ட மன்னரின் மகன் தானே என்று சொல்லிக்கொண்டு சுமத்திராவிலிருந்து ராஜா கெசில் படையெடுத்து வந்தார். 1721-இல் அப்துல் ஜலீல் கொல்லப்பட்டார். 1722-இல் பூகிஸ் வீரர்கள் துணையால் அவர் மகன் சுலைமான் அரியணை ஏறினார். ஆனால் உண்மை அதிகாரம் பூகிஸ்காரர் கைக்குப் போயிற்று. கொடுங்கோலனைக் கொன்றதால் குடிகளுக்கு அமைதி கிட்டவில்லை. மன்னரைத் தட்டிக்கேட்க குத்துவாளைத் தவிர வேறு வழியில்லாத நாட்டில், ஒரு மன்னரின் தீமை அவரோடு முடிவதில்லை.

மறக்கப்பட்ட தந்தை

அபூபக்கரைப் புகழ்வோர் பலரும் அவருடைய தந்தையை மறந்துவிடுகின்றனர். தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் பட்டத்தால் சுல்தான் அல்லர். சிங்கப்பூரில் இருந்துகொண்டு, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட கட்டாபெர்ச்சா மரப்பால் வாணிபத்தால் செல்வம் சேர்த்தவர். சீனர்களை ஆற்றங்கரைகளில் குடியேற்றி மிளகும் காம்பியரும் பயிரிடச் செய்தார். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவனை நியமித்து உரிமைச் சீட்டு வழங்கிய இம்முறைக்குக் கங்சு முறை என்று பெயர். 1855-இல் செய்த ஒப்பந்தத்தால் மூவார்-கீசாங் பகுதி நீங்கலாக ஜொகூர் முழுவதன் ஆட்சியும் அவருக்கு உரியதாயிற்று. அதே காலத்தில் அவர் நிறுவிய தஞ்சோங் புத்ரி என்னும் குடியிருப்பே 1866-இல் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. 1862-இல் அவர் மறைந்தபோது, மகன் கைக்கு வந்தது வருவாயுள்ள நாடு.

அபூபக்கரின் வரவும் செலவும்

1862 முதல் 1895 வரை 33 ஆண்டுகள் ஆண்ட அபூபக்கர், 1868-இல் மகாராஜா என்றும், 1885-இல் பிரிட்டிஷாரோடு செய்த ஒப்பந்தத்தால் சுல்தான் என்றும் ஏற்கப்பட்டார். 1874 முதல் பேராக், சிலாங்கூர் முதலிய நாடுகள் ஒவ்வொன்றாக பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கீழ் வந்தன. 1888-இல் பகாங்கும் அவ்வாறே ஆயிற்று. அவர் வாழ்ந்தவரை ஜொகூருக்கு மட்டும் ரெசிடெண்ட் வரவில்லை. லண்டனில் விக்டோரியா அரசியாரோடு நட்புக் கொண்டும், ஐரோப்பிய முறையில் அலுவலகங்களை அமைத்தும், ‘இந்நாட்டுக்கு மேற்பார்வை வேண்டியதில்லை’ என்று அவர் செயலால் காட்டினார்.

இது வரவுக் கணக்கு. செலவுக் கணக்கும் உண்டு. அவருடைய வருவாயில் பெரும்பங்கு அபினி, சாராயம், சூதாட்டக் குத்தகைகளிலிருந்து வந்தது. அதாவது காம்பியர்த் தோட்டங்களில் உழைத்த சீனத் தொழிலாளியின் கூலி மீண்டும் அரசு குத்தகைக்காரன் கைக்கே போயிற்று. அரண்மனைகளுக்கும் ஐரோப்பியப் பயணங்களுக்கும் பெரும்பொருள் செலவாயிற்று. இங்கிலாந்தில் ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் மாறுவேடமாக இருந்தபோது, மணப்பதாக வாக்களித்து ஏமாற்றினார் என்று மைகல் என்னும் ஆங்கிலப் பெண்மணி வழக்குத் தொடுத்தார். அவர் தன்னாட்சியுள்ள மன்னர், ஆதலின் வழக்குக்கு உட்பட்டவர் அல்லர் என்று நீதிமன்றம் 1893-இல் தீர்த்தது. ஜொகூர் தனி நாடு என்பதற்கு அத்தீர்ப்பு ஒரு சான்றாயிற்று. அப்பெண்மணிக்கோ நியாயம் கேட்கும் வழி அடைந்தது. மன்னர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் வழக்கினின்று தப்புவது சரியா என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. மலேசியாவில் 1993-ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தமே, ஆட்சியாளர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தியது.

இத்தனை குறைகளையும் தாண்டி அபூபக்கரை முதலிடத்துக்கு உயர்த்துவது அவர் தம் வாழ்வின் இறுதி ஆண்டில் செய்த செயல். 1895 ஏப்ரல் 14-ஆம் நாள் ஜொகூருக்கு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் ஒன்றை அவர் வழங்கினார். மலாய் நாடுகளில் இதுவே முதலாவது. அமைச்சர் அவையும் நாட்டு மன்றமும் அதனால் வகுக்கப்பட்டன. மன்னர் நாட்டையோ அதன் ஒரு பகுதியையோ அயல்நாட்டுக்கு ஒப்படைக்கலாகாது என்று அதன் 15-ஆம் பிரிவு தடுத்தது. செஜாரா மெலாயு வாய்மொழியாகச் சொன்ன உடன்படிக்கையை ஜொகூர் எழுத்தில் வடித்தது என்று இதனைக் கொள்ளலாம். இதில் அவருடைய செயலாளர் அப்துல் ரகுமான் அண்டாக், முதல் மந்திரி பெசார் ஜாபார் ஹாஜி முகமது போன்ற அமைச்சர்களின் அறிவுக்கும் பங்குண்டு. அதே ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் சுல்தான் லண்டனில் காலமானார்.

தந்தையின் சட்டமும் மகனின் கையெழுத்தும்

சுல்தான் இப்ராகிம் 1895 முதல் 1959 வரை 64 ஆண்டுகள் ஆண்டார். இரயில் பாதை 1909-இல் ஜொகூர் பாருவை அடைந்தது. சிங்கப்பூர்க் கடற்பாலம் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது. இரப்பர்த் தோட்டங்கள் பெருகித் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஜொகூருக்கு வந்து சேர்ந்ததும் இவர் காலத்திலேயே. லயன் வீட்டில் வாழ்ந்த தமிழனுக்கு மன்னர் எட்டாத தொலைவில் இருந்தார். அவன் கண்ட அரசு, தோட்டத் துரையும் கங்காணியுமே. கங்சு முறையை 1917-இல் ஒழித்தது இவருடைய ஆட்சிக்கு நற்சான்று. ஆனால் தந்தை தடுத்து வைத்திருந்த பிரிட்டிஷ் ஆதிக்கம் 1910-இல் பொது ஆலோசகர் என்ற பெயரில் நுழைந்து, 1914-இல் முழு அதிகாரத்தையும் பெற்றது.

அவருடைய ஆட்சியின் பெருஞ்சோதனை 1945 அக்டோபரில் வந்தது. மலாயன் யூனியன் திட்டத்துக்காக ஆட்சியுரிமையை பிரிட்டிஷ் மன்னருக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில், மலாய் சுல்தான்களுள் முதலாவதாகக் கையெழுத்திட்டவர் அவரே. 1946-இன் தொடக்கத்தில் ஜொகூர் மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தனர். 1699-இல் எழுந்தது குத்துவாள். இம்முறை அவர்கள் நீட்டியது ஒரு சட்டப் பிரிவு. தந்தை அளித்த 15-ஆம் பிரிவை மகன் மீறிவிட்டார் என்பதே அவர்கள் வாதம். சுல்தானும் பின்னர் அத்திட்டத்துக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டார். அவ்வாண்டு மே 11-ஆம் நாள் ஜொகூர் பாருவில் அம்னோ கட்சி பிறந்தது. அதன் தலைவர் ஓன், அபூபக்கரின் அமைச்சர் ஜாபாரின் மகன்.

தமிழர் கண்ணோட்டத்தில் இந்நிகழ்ச்சிக்கு வேறொரு முகமும் உண்டு. மலாயன் யூனியன் திட்டம், இந்தியருக்கும் சீனருக்கும் தாராளமான குடியுரிமையை உறுதி கூறியது. அவ்விதிகள் நடைமுறைக்கு வராமலே திட்டம் கைவிடப்பட்டது. 1948-இல் பிறந்த மலாயாக் கூட்டரசில் குடியுரிமை விதிகள் கடுமையாயின. மலாய் மக்களுக்குத் துரோகமாகத் தோன்றிய கையெழுத்து, தோட்டத்துத் தமிழனுக்கு ஒரு கதவு. அந்தக் கதவு திறக்கும் முன்னே மூடப்பட்டது. ஒரே செயலை இருவேறு மக்கள் இருவேறு தட்டில் வைக்கும்போது, இப்ராகிமின் இடத்தை எளிதில் முடிவு செய்ய இயலாமை வியப்பன்று.

எது நிலைத்த அளவு?

மன்னரின் குணத்தை மட்டும் கொண்டு எடை போட்டால் கதைகளே தீர்ப்பு வழங்கும். நாட்டின் செல்வத்தை மட்டும் கணக்கிட்டால் டாயேங் இப்ராகிம் மகனை முந்தவும் கூடும். ஆட்சியின் நீளம் அளவாயின் சுல்தான் இப்ராகிமே முதல்வர். ஆனால் தமக்குப் பின் வருபவரையும் கட்டுப்படுத்தும் முறை ஒன்றை விட்டுச் சென்றாரா என்று கேட்டால் விடை தெளிவாகிறது. மஹ்மூது அத்தகைய முறை எதையும் விட்டுச் செல்லவில்லை. அதனால் அவர் இறப்புக்குப் பின்னும் நாடு இருபதாண்டுக்கு மேல் அல்லலுற்றது. அபூபக்கர் குறையுள்ளவர், ஆயினும் தம் மகனே தவறினால் அவரை எதிர்த்துக் குடிகள் எடுத்துக் காட்டத்தக்க ஒரு சட்டத்தை எழுதிவைத்தார். குத்துவாளின்றி மன்னரிடம் கணக்குக் கேட்க 1946-இல் ஜொகூர் மக்களால் முடிந்தது என்றால், அதற்குக் காரணம் 1895-இல் எழுதப்பட்ட அந்த ஏடே. அபூபக்கருக்கு முதலிடம் தருவோர் சுட்ட வேண்டிய சான்றும் அதுவே.