பிறவாதார்க்கும் பங்குண்டு!

மக்களாட்சி என்றால் மக்கள் விருப்பப்படி நடக்கும் ஆட்சி என்று வகுப்பறையிலே நாம் சொல்லித் தருகிறோம். எந்த மக்கள்? இன்று வாக்களிப்போர் மட்டுமா? இன்று வாங்கும் கடனை நாளை அடைக்கப் போகிறவன், இன்று வெட்டும் காட்டின் நிழலை நாளை தேடப் போகிறவன், அவனைக் கேட்டவர் உண்டா? அவனுக்கு வாக்கும் இல்லை, வாயும் இல்லை. இன்னும் பிறக்கவே இல்லை!

கேள்வி புதிதன்று. 1789 செப்டம்பரில், பாரிசிலே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்குக் கடிதம் எழுதினார். உலகம் வாழ்வோர்க்கு அனுபவிக்க மட்டுமே உரியது; ஒரு தலைமுறையின் கடனை மறு தலைமுறையின் தலையில் கட்டலாகாது என்றார். இறப்புக் கணக்கை ஆராய்ந்து, 19 ஆண்டுகளுக்கு மேல் எந்தச் சட்டமும் தானே நீடிக்கலாகாது என்றும் கணித்தார். மாடிசன் ஒப்பவில்லை. விடுதலைப் போருக்காகப் பட்ட கடனால் பின்னோரும் பயன் பெறுவரன்றோ என்று 1790இல் மறுமொழி விடுத்தார்.

அழகிய வாதம்! ஆனால் நடந்தது என்ன? 1826இல் ஜெபர்சன் பெருங்கடனோடு மறைந்தார். 1827 ஜனவரியில், அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையின் அடிமைகள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, ஏலத்துக்கு வந்தனர். ஒரு தலைமுறையின் கடனை மறு தலைமுறை தாங்கலாகாது என்று எழுதியவரின் கடனுக்கு, அடிமைகளின் பிள்ளைகள் விலையாயினர். நல்லெண்ணம் மட்டும் நாளைய மனிதனைக் காக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எனவே சில நாடுகள் நல்லெண்ணத்துக்குச் சட்ட வடிவம் தர முனைந்தன. இஸ்ரேல் 2001இல் பாராளுமன்றத்திலேயே வருங்காலத் தலைமுறைகளுக்கு ஓர் ஆணையரை அமைத்தது. மசோதாக்களை ஆராய்ந்து கருத்துக் கூறுவது அவர் பணி. 2006இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை அமர்த்தவே இல்லை. ஹங்கேரி 2008இல் தனி ஆணையரைத் தேர்ந்தெடுத்தது. 2012இல் புதிய அரசியல் சட்டம் வந்ததும் அப்பதவி துணைப்பதவியாகச் சுருங்கியது. காவலனை அமர்த்தியவர்களே காவலனைக் கலைத்தனர். கலைத்தால் கேட்பதற்குப் பிறவாதவன் வருவானா?

வேல்ஸ் நாடு வேறு வழி கண்டது. அதன் 2015ஆம் ஆண்டுச் சட்டம், ஆணையரை அமர்த்தியதோடு நில்லாமல், வருங்காலத்தாரின் நலனை எண்ணிச் செயற்படும் கடமையைப் பொது நிறுவனங்கள் மீதே சுமத்தியது. நியூபோர்ட் நகரருகே, சதுப்பு நிலத்தின் ஊடே 14 மைல் நெடுஞ்சாலை அமைக்கும் திட்டத்தை ஆணையர் எதிர்த்தார். 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்போர்ட், செலவையும் சுற்றுச்சூழல் கேட்டையும் காட்டி அதைக் கைவிட்டார். சட்டம் ஒன்றே தடுத்தது என்று நாம் சொல்லோம். தடுக்கும் அதிகாரம் ஆணையருக்கு இல்லை. ஆனால் கேட்க ஆளில்லாத கேள்வியை, அதிகாரத்தின் முன் நின்று கேட்க ஓர் ஆள் இருந்தார்.

பதவியைக் கலைப்பது எளிது. எல்லோர் மீதும் படிந்த கடமையைக் கலைப்பது கடினம். வரலாறு நமக்குத் தரும் பாடம் அதுவே. நாளை பிறப்பவன் நம்மிடம் நன்றி சொல்ல வரமாட்டான், வாக்கும் தரமாட்டான். ஆயினும் அவன் பங்கைத் தொடாமல் வைக்கிறோமா? நம் மக்களாட்சிக்குத் தேர்வு அங்கேதான்!