தராதரப் பட்டியலும் மர அகப்பையும்

பட்டதாரி ஒருவரின் பெயருக்கு அருகே "முதலாம் வகுப்பு" என்றோ "இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு" என்றோ குறிக்கப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இவ்வகுப்புகள் இங்கிலாந்திலிருந்து எமக்கு வந்தவை. 1921 இல் கொழும்பில் நிறுவப்பட்ட யூனிவேர்சிற்றிக் கல்லூரி தன் மாணவரை இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றித் தானே பட்டம் வழங்கத் தொடங்கியபோதும் அம்முறை கைவிடப்படவில்லை.

இங்கிலாந்திலேயே இரு வழிகள் இருந்தன. ஒக்ஸ்போர்ட் 1800 இல் சிறப்புப் பரீட்சையை ஏற்படுத்தி, 1807 இல் வகுப்புகளை வகுத்தது. பின்னாளிற் பிரதம மந்திரியான றொபேட் பீல், 1808 இல் இலக்கியம், கணிதம் ஆகிய இரண்டிலும் முதலாம் வகுப்பை முதன்முதலாகப் பெற்றவர். கேம்பிரிட்ஜோ வகுப்போடு நில்லாது, ஒவ்வொரு மாணவனையும் ஒருவன்பின் ஒருவனாக வரிசைப்படுத்தியது.

அங்கு பழைய காலத்துப் பரீட்சை இலத்தீன் மொழியில் நிகழ்த்தப்பட்ட வாதப்போரே. கணிதத்தில் முதல் வகுப்பினர் "றாங்லர்" எனப்பட்டதன் காரணம் அதுதான். அச்சொல்லுக்கு வாதிடுவோன் என்பது பொருள். பின்னர் எழுத்துப் பரீட்சை வந்து வாதத்தை விழுங்கிவிட்டது. பெயர் மட்டும் எஞ்சிற்று. முதலிடம் பெற்றவன் "சீனியர் றாங்லர்". சிறப்புப் பட்டியலின் கடைசி இடத்தவனுக்கோ, பட்டமளிப்பின்போது செனற் மண்டபத்து மேன்மாடத்திலிருந்து தோழர்கள் பெரியதொரு மர அகப்பையைக் கயிற்றில் இறக்குவர். அதைக் கண்டு சிரிக்கலாம்; ஆயினும் அவனும் சிறப்புப் பட்டம் பெற்றவனே என்பதைச் சிரித்தவர்கள் எண்ணினார்களோ?

முதலிடம் பெறவென்றே தனி ஆசான்மார் மாணவரைப் பழக்கினர். அவருள் எட்வேட் றூத் தலைசிறந்தவர். 1854 இல் அவர் முதலிடம் பெற்றபோது இரண்டாமிடம் பெற்றவர் ஜேம்ஸ் கிளாக் மாக்ஸ்வெல். மின்காந்தவியலின் தந்தையை இரண்டாமவராக்கிய அளவுகோல் எதை அளந்தது? விரைவையும் பயிற்சியையும் அளந்தது என்பதே எமது எண்ணம்.

இவ்வரிசையின் குறை 1890 இல் மிகத் தெளிவாய்ப் புலப்பட்டது. அந்நாளிற் பெண்கள் பரீட்சை எழுதலாம். பட்டம் பெறுதல் இயலாது. அவர்கள் பெயர் ஆடவர் பட்டியலுக்குப்பின் தனியே வாசிக்கப்படும். இன்ன ஆடவருக்கு இடைப்பட்ட தரம் என்று மாத்திரம் கூறப்படும். நியூனம் கல்லூரி மாணவி பிலிப்பா ஃபோசெற்றின் முறை வந்ததும் வாசித்தவர், "சீனியர் றாங்லருக்கு மேல்" என்றார். மண்டபம் ஆரவாரத்தால் அதிர்ந்தது. அடுத்தவரினும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் கூடுதலான புள்ளிகள்! எனினும் முதல்வர் என்னும் பட்டப்பெயர் பெனற் என்ற ஆடவருக்கே சேர்ந்தது. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுமையான பட்டவுரிமை அளித்தது 1948 இல். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ஃபோசெற் அம்மையார் காலமானார்.

1898 இல் நான்காமிடம் பெற்றவரும், பின்னாளில் எங்கள் இராமானுஜனை உலகறியச் செய்தவருமான ஹார்டி, இப்பரீட்சை முறையைக் கடுமையாய்க் கண்டித்தவர்களுள் ஒருவர். 1909 ஆம் ஆண்டோடு தராதர வரிசை ஒழிந்தது. மர அகப்பையும் அதனுடன் சென்றது. அதன்பின் வகுப்புக்குள் பெயர்கள் அகரவரிசையிலேயே அமைந்தன. ஆயினும் பட்டியலை வாசிக்கும் பரீட்சகர், முதலிடத்தவரின் பெயர் வரும்போது தம் தொப்பியைச் சற்றே உயர்த்தும் வழக்கம் பின்னரும் நிலைத்தது.